ஒரு தெள்ளுப்பூச்சிக்கு எத்தனை சட்டை?

எங்கள் வீட்டில் எந்தச் செலவு வந்தாலும் நான் அதைச் சட்டையாக மாற்றித்தான் புரிந்துகொள்வேன். கேஸ் சிலிண்டரா, இத்தனை சட்டைக்குத் தையற்கூலி. மகளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸா, இத்தனை டஜன். மச்சான் வீட்டுக் காதுகுத்துக்கு மொய்யா, அது காலர், கஃப், பட்டன் எல்லாம் வைத்து முடித்த சட்டையாகவே போய்விடும். நத்தத்தில் ரெடிமேட் சட்டை தைத்துப் பிழைக்கிற வீடுகள் ஏராளம். ஆனால் சாம்பார்ப் பொடியைக்கூடச் சட்டையில் எண்ணுகிற மனுசன் நான் ஒருத்தன்தான் என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு. அவள் அதைக் கஞ்சத்தனம் என்பாள். நான் காஸ்டிங் என்பேன்.

இந்தக் காஸ்டிங் நிபுணனின் வீட்டு அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முன்கட்டில் குடியிருப்பு. பின்கட்டில் தையல் மெஷின்கள். அதற்கும் பின்னால் ஓர் அறை முழுக்க வெட்டுத்துணி மூட்டைகள். துணி வெட்டும்போது மிஞ்சுகிற துண்டு துணுக்குகளை வாங்கிப் போக வியாபாரி வருவார். "விலை ஏறட்டும்ணே" என்று அவரிடம் சொல்லிச் சொல்லியே அறையைக் கூரை வரைக்கும் நிரப்பியிருந்தேன். அறை திறந்திருக்கும் நாட்களில் அந்த மூட்டைகளின் உச்சிதான் எங்கள் பூனைக்குப் படுக்கை. வேலை நேரத்தில் அது கட்டிங் டேபிளில் ஏறி உட்கார்ந்து, யாரையும் பாராட்டாமல் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர். தையல்காரர்கள் வைத்த பெயர். என்னை அவர்கள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வாசலில் ராசு, நாட்டு நாய். நம் தெற்கத்திச் சீமையில் கோம்பை, சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்று ஊர்ப்பெயரைச் சுமக்கும் நாய் வகைகள் உண்டு. ராசுவுக்கு எந்த ஊரையும் பெருமைப்படுத்தும் எண்ணம் கிடையாது.

மாசி பிறந்தால் நத்தத்துக்குச் சொந்தபந்தம் பூராம் வந்துவிடும். மாரியம்மன் கோயில் கொடியேற்றம், கரந்தமலைக் கன்னிமார் தீர்த்தம், காப்புக்கட்டு, கழுமரம், பூக்குழி என்று ஊரே வேறு ஊராகிவிடும். மேலூரிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்திறங்கினார். முன்கட்டில் இடமில்லை. பொங்கல் ஆர்டர் முடிந்த கையோடு பூட்டிப் போட்டிருந்த மூட்டை அறையைத் திறந்தேன். மூட்டைகளை ஓரமாக ஒதுக்கிப் பாய் விரித்துக் கொடுத்தேன். "காத்தோட்டமா இருக்கும் மச்சான்" என்றேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

நடுச்சாமத்தில் கதவு தட்டப்பட்டது.

"மாப்ள, உள்ள என்னமோ கடிக்குது."

"கொசுவா இருக்கும் மச்சான்."

"கொசுன்னா பறக்கணும்ல? இது குதிக்குது."

விடிந்து பார்த்தால் மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். திருவிழாக் காலம், மாரியம்மன் ஊர், உடம்பிலோ சிவப்புப் பொட்டு. என் அம்மா அதற்குமேல் எதையும் யோசிக்கவில்லை. "ஆத்தா வந்திருக்கா" என்று சொல்லிவிட்டு வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டார். மச்சான் பயந்துபோய்ச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் படுத்தேவிட்டார். என் மனைவிதான் நிதானமாகக் கேட்டாள்: "ஏன் அத்தை, ஆத்தா முழங்காலுக்குக் கீழ மட்டுமா வருவா?"

கொஞ்ச நேரத்தில் மகள் ஒரு வெள்ளைத் துணித் துண்டில் குற்றவாளியைப் பிடித்துக் கொண்டுவந்தாள். கடுகைவிடச் சிறியது, பழுப்பு நிறம், பக்கவாட்டில் தட்டை. நகத்தால் நசுக்கப் போனேன். காணோம். தெள்ளுப்பூச்சி.

அவமானத்தில் எனக்கு ஏற்பட்ட முதல் சந்தேகம், நேற்று வரைக்கும் மூட்டை எண்ண இந்தப் பூட்டைத் திறந்து நானே போய் வந்தேனே, என்னை ஏன் கடிக்கவில்லை என்பதுதான். பிற்பாடு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டதில், மூட்டையை எண்ணிவிட்டு அரை நிமிடத்தில் வெளியேறும் முதலாளியை நம்பித் தெள்ளு வெளியே வருவதில்லை என்று தெரிந்தது. முட்டையிலிருந்து புழு, புழுவிலிருந்து கூட்டுப்புழு, அதிலிருந்து பூச்சி என்பது அதன் வாழ்க்கை. கூட்டுக்குள் வளர்ந்து முடித்த தெள்ளு உடனே வெளியே வந்தாக வேண்டும் என்பதில்லை. ஆள் நடமாட்டமில்லாத அறை என்றால் வாரக்கணக்கில், சூழ்நிலை ஒத்துவந்தால் மாதக்கணக்கில்கூட உள்ளேயே காத்திருக்கும். தரை அதிர வேண்டும், உடம்புச் சூடு தட்ட வேண்டும், மூச்சில் வரும் கரியமில வாயு எட்ட வேண்டும். அப்போதுதான் ஆள் வந்துவிட்டான் என்று புரிந்துகொண்டு வெளியே குதிக்கும். மச்சான் கனத்த உடம்புக்காரர். புரண்டு புரண்டு படுப்பார். குறட்டையும் உண்டு. மூன்று தேவைகளையும் ஒரே ஆளாக நிறைவேற்றி, பொங்கலிலிருந்து காத்திருந்த கூட்டம் முழுவதையும் ஒரே ராத்திரியில் எழுப்பிவிட்டிருக்கிறார்.

உடனே மருந்தடித்து ஒழிக்கலாம் என்றால் அம்மா தடுத்தார். "காப்புக் கட்டின வீடுடா. பூக்குழி முடியுற வரைக்கும் ஒரு உசிரக் கொல்லக் கூடாது." தெள்ளுப்பூச்சிக்குத் திருவிழாச் சலுகை கிடைத்தது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முட்டை வரை இடும். இருபது பெண் தெள்ளு இருந்தால் நாளைக்கு ஆயிரம் முட்டை. நான் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த உற்பத்தி நத்தத்தில் எந்தச் சட்டை யூனிட்டிலும் கிடையாது. கூலி கேட்பதில்லை, போனஸ் கேட்பதில்லை. தன் எடையைப்போலப் பதினைந்து மடங்கு ரத்தம் தினமும் குடிக்கும், அவ்வளவுதான். மச்சான் குடும்பம் மறுநாளே மாற்று உடையோடு மொட்டைமாடிக்குக் குடிபெயர்ந்தது.

பூக்குழி முடிந்தது. ஊர் அமைதியானது. எங்கள் வீட்டுக்கு வைத்தியம் சொல்லும் திருவிழா தொடங்கியது.

அம்மாவின் வைத்தியம் மண்ணெண்ணெய். துணியில் நனைத்து நாய் மேல் ஒரு இழுப்பு. தோல் வெந்து புண்ணாகும், நக்கினால் உள்ளே போகும் என்பதெல்லாம் அம்மாவின் காலத்தில் இல்லாத கவலைகள். "அப்பெல்லாம் டி.டி.டி. பவுடரத் தூவுவோம், ஒரு பூச்சி இருக்காது" என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பவுடர் பூச்சியைக் கொல்லும் என்று 1939இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். 1989இல் நம் நாட்டில் விவசாயத்துக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். அதன் கூட்டாளியான பி.எச்.சி. பவுடருக்கு 1997இல் தடை வந்தது. நோபல் பரிசு வாங்கிய மருந்தைவிட நல்ல மருந்தைச் சும்மா ஒரு கால்நடை டாக்டர் தந்துவிடுவாரா என்று அம்மாவுக்கு இன்றைக்கும் சந்தேகம்.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா புகையிலையை ஊறவைத்த தண்ணீர் என்றார். நிகோட்டின் விஷம், வேண்டாம். கொழுந்தியாள் கற்பூரத்தைப் பொடித்துத் தூவச் சொன்னாள். அதுவும் அந்துருண்டையும் பூனை, நாய் இரண்டுக்குமே கெடுதல். எறும்புச் சாக்பீஸால் நாயைச் சுற்றிக் கோடு கிழிக்கச் சொன்னவர் எங்கள் கட்டிங் மாஸ்டர். ராசு ஒரே இடத்தில் நிற்கும் பட்சத்தில் யோசிக்கலாம்.

என்னை உண்மையிலேயே சபலப்படுத்தியது உரக்கடைதான். கடைக்காரர் நல்லவர். தெள்ளுக்கு ஊசிமுனை அளவு ட்யூபில் விற்கிற மருந்து ஃபிப்ரோனில் என்றும், அதே ஃபிப்ரோனில் நெல்லுக்கும் மிளகாய்க்கும் அடிக்கப் பாட்டிலில் வருகிறது என்றும் எடுத்துக் காட்டினார். "அதே சாமான்தாண்ணே. ட்யூப் விலைக்கு பாட்டிலே வாங்கிறலாம்." எனக்குள் இருந்த காஸ்டிங் நிபுணன் எழுந்து நின்றான். ஒரு பாட்டில் வாங்கினால் ராசு, மேனேஜர், தெரு நாய்கள், அடுத்த தெரு நாய்கள் என்று ஒரு பரம்பரைக்கே போதும். பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் கையுறை போடு, முகத்தை மூடு, காற்றுக்கு எதிரே நிற்காதே என்று இருந்தது. வயலில் நிற்கிறவனுக்கே இவ்வளவு பந்தோபஸ்து என்றால், அதை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு நாள் முழுக்க நக்கிக்கொண்டிருக்கப் போகிற பூனையின் கதி? பெயர் ஒன்றானாலும் பயிர் மருந்தின் அளவு வேறு, அதைக் கரைத்திருக்கிற சரக்கு வேறு. பாட்டிலை அவரிடமே திருப்பிக் கொடுத்தபோது எனக்கு ஏற்பட்ட வலி சட்டைக் கணக்கில் அடங்காது.

மாட்டுக்கு உண்ணி மருந்து வாங்கிவைத்திருந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அதில் "ரெண்டு சொட்டு" தருவதாகச் சொன்னார். நாய்க்கு உண்ணிக்காகத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிற அமிட்ராஸ் என்ற மருந்தும் பேச்சில் வந்தது. அதைப் பூனைக்குப் பயன்படுத்தக் கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் கையால் தொடாமல் இருப்பதும் நல்லது. வீட்டில் ஒரு பூனையும் ஒரு சர்க்கரைக்காரனும் இருக்கிறோம். அதைக் கேட்டு மேனேஜரும் நானும் முதல்முறையாக ஒரே அணியில் நின்றோம்.

மருந்துக்கடைத் தம்பி சொன்னது இன்னும் நயமாக இருந்தது. மனிதர்களுக்குச் சொறி சிரங்குக்குக் கொடுக்கிற பெர்மெத்ரின் க்ரீம். "சின்னப் பிள்ளைகளுக்கே எழுதுறாங்கண்ணே, பூனைக்கு என்ன ஆகப்போகுது?" கேட்பதற்கு அவ்வளவு நியாயமாக இருந்தது. வாங்கியும் விட்டிருப்பேன். "டாக்டரக் கேக்காம பூனை மேல கை வச்சீங்க, நான் மேலூருக்குப் போயிருவேன்" என்று என் மனைவி சொன்னதால்தான் நிறுத்தினேன். அவள் மேலூருக்குப் போனால் மச்சானின் கணுக்கால் விவகாரம் அங்கே மறுவிசாரணைக்கு வரும்.

மதுரையில் பெரிய பெரிய செல்லப்பிராணி கிளினிக்குகள் இருக்கின்றன. 2023இல் திறந்த பறக்கும் பாலத்தில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் தரையே தொடாமல் மதுரைக்குள் போய்விடலாம் என்று மகள் ஆசை காட்டினாள். வாடகைக் கார், கிளினிக் கட்டணம், வழியில் மகளுக்கு ஜிகர்தண்டா எல்லாவற்றையும் சட்டையாக மாற்றினேன். அதன்பின் நத்தம் அரசு கால்நடை மருந்தகத்தின் பெருமைகளை வீட்டாருக்கு விரிவாக எடுத்துச் சொன்னேன். என் வாழ்க்கையில் கஞ்சத்தனம் என்னைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்ட சம்பவம் அது ஒன்றுதான்.

மருந்தக வாசலில் ஒரு சினைப் பசு, ஆடுகள், கூடையில் கோழி. நான் ஒரு கையில் ராசுவின் கயிறும் மறு கையில் கட்டைப்பையுமாகப் போய் நின்றேன். கட்டைப்பை தானாக அசைந்தது.

"என்னண்ணே, சேவலா?" என்றார் ஆட்டுக்காரர்.

"மேனேஜர்" என்றேன், வாய் தவறி.

அவர் மெதுவாக ஆட்டை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் தள்ளி நின்றார்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். மேனேஜரின் முதுகு மயிரைச் சீவி, உதிர்ந்த கறுப்புத் துகள்களை ஈரப் பஞ்சில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் துகளைச் சுற்றித் துருச்சிவப்பாகப் பரவியது. "அழுக்கு இல்ல சார். தெள்ளோட கழிவு. பூராம் ரத்தம். இதத் தின்னுதான் புழு வளருது." நான் அதுவரை அதைத் துணிச்சாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கறுப்புத் துணி அனுப்பிய மில்காரரைத் திட்டியும் வைத்திருந்தேன்.

பெர்மெத்ரின் க்ரீமைப் பற்றிக் கேட்டபோதுதான் டாக்டரம்மாவின் முகம் மாறியது. மனிதனும் நாயும் அந்த மருந்தைக் கல்லீரலில் உடைத்து வெளியேற்றிவிடுவார்களாம். பூனையின் கல்லீரலுக்கு அதற்கான வேலைக்கருவி போதாது. மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். நடுக்கம், வலிப்பு, சில நேரம் சாவு. நாய்களுக்கென்று விற்கிற சில ட்யூப்களில் பெர்மெத்ரின் பாதிக்குப் பாதி அடர்த்தியில்கூட இருக்கும். அதைப் பூனைக்கு நேரடியாக விடக்கூட வேண்டாம், நாய்க்கு விட்டுவிட்டு அந்த நாயோடு பூனையைப் படுக்கவிட்டாலே ஆபத்துதான். "அட்டையில பூனை படம் இல்லன்னா அது பூனைக்கு இல்ல சார்" என்றார். முயல் வளர்க்கிற வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தந்தார். பூனைக்கும் நாய்க்கும் ஒத்துக்கொள்கிற ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகாது.

நான் என் யோசனையை முன்வைத்தேன். "பெரிய நாய்க்கான ட்யூப் ஒண்ணு வாங்கி, நாய்க்குப் பாதி, பூனைக்குப் பாதி பிரிச்சுட்டா?"

டாக்டரம்மா பதில் சொல்லாமல் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவியும் பதில் சொல்லாமல் அவரைப் பார்த்தாள். இவ்வளவு சீக்கிரம் இரண்டு பெண்கள் ஒரு முடிவுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

மென்று தின்னும் மாத்திரை என்று ஒன்று உண்டு. ஃப்ளூரலானர் என்றால் ஒரே மாத்திரை பன்னிரண்டு வாரம் நிற்கும். நாயைக் குளிப்பாட்டலாம், மழையில் நனையவிடலாம், உண்ணிக்கும் சேர்த்து வேலை செய்யும். விலையைக் கேட்டேன். தலைக்குள் சட்டைகள் மளமளவென்று பறந்து போயின. அதை மாதக் கணக்குக்கு வகுத்துப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை என்று டாக்டரம்மா சொன்னது நியாயம்தான். ஆனால் நான் மொத்தமாக அதிர்ச்சி அடைந்து பழகியவன். அந்த வகை மாத்திரைகளால் சில பிராணிகளுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது. பெரும்பாலான நாய்களுக்குப் பாதகமில்லை. ஏற்கெனவே வலிப்பு வந்த நாயென்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ராசுவுக்கு வலிப்பு வந்ததில்லை. விலையைக் கேட்டு எனக்குத்தான் லேசாக வந்தது.

கடைசியில் எழுதிக் கொடுத்தது சாதாரண ஃபிப்ரோனில் சொட்டு மருந்து. நாய்க்குத் தனி ட்யூப், பூனைக்குத் தனி ட்யூப். பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. காய்கிற வரைக்கும் ஒன்றையொன்று நக்கவிடக் கூடாது. மாதம் ஒருமுறை, இரண்டுக்கும் ஒரே நாளில். கூடவே பூச்சி மாத்திரை, ஏனென்றால் உடம்பை நக்குகிற பூனை தெள்ளையும் விழுங்கும், தெள்ளுக்குள் நாடாப்புழு இருக்கும். மச்சான் சம்சாரம் போனில் கேட்கச் சொன்ன கேள்வியையும் கேட்டுவைத்தேன்: இதனால் உண்ணிக் காய்ச்சல் வருமா? வராது. அது புதர்க்காட்டில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது.

"ரெண்டோட எடையும் வேணும்" என்றார் டாக்டரம்மா. கால்நடை மருந்தில் எல்லாமே எடைக்குத்தான்.

எடைக்கு நத்தத்தில் பஞ்சமா? புளிக் கிட்டங்கிகள் நிறைந்த ஊர். தெரிந்த கிட்டங்கி ஒன்றுக்கு ராசுவைக் கூட்டிப்போனேன். மூட்டை நிறுக்கிற தராசுப் பலகையில் அவன் நான்கு காலையும் ஒருசேர வைக்க மறுத்தான். வேறு வழியில்லாமல் அவனைத் தூக்கிக்கொண்டு நானே ஏறினேன். அப்புறம் அவனை இறக்கிவிட்டு நான் மட்டும் ஏறினேன். கணக்குப்பிள்ளை இரண்டு எண்களையும் ஊருக்கே கேட்கும் குரலில் படித்தார். புளி வாங்க வந்திருந்தவர்கள், சுமை தூக்குகிறவர்கள், வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தது நாயை அல்ல. "அண்ணனக் கழிச்சுட்டா நாய் பதினாறு கிலோ" என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். கழிவு என்ற தலைப்பின் கீழே என் எடை எழுதப்பட்டிருந்தது.

மருந்து வாங்கியாயிற்று, விட்டாயிற்று என்று நான் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். ஆனால் டாக்டரம்மா கடைசியாகச் சொல்லியனுப்பிய ஒரு கணக்கு என் காஸ்டிங் மூளைக்குள்ளேயே குடையத் தொடங்கியது. பிராணிகள் மேல் நாம் பார்க்கிற தெள்ளு மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துதான். மிச்சம் தொண்ணூற்றைந்தும் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகத் தரையிலும் பாயிலும் துணியிலும் இருக்கும். அதாவது என் நாய்க்கும் பூனைக்கும் வியாதி ஐந்து பைசாதான். தொண்ணூற்றைந்து பைசா வியாதி, விலை ஏறட்டும் என்று நான் சேர்த்துவைத்திருக்கும் மூட்டைகளுக்கு.

வியாபாரிக்குப் போன் போட்டேன். விலை இறங்கியிருந்தது. அவருக்கு எப்படியோ தெள்ளுச் சமாசாரமும் தெரிந்திருந்தது, அதனால் இன்னும் கொஞ்சம் இறங்கியது. மூட்டைகளை முற்றத்தில் போட்டுப் பிரித்து வெயிலில் காயவைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தெள்ளின் புழுவுக்கு ஈரப்பதம் பாதிக்குக் கீழே போனால் ஆகாது, வெப்பம் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினாலும் ஆகாது. அதனால்தான் கார்த்திகை, மார்கழி ஈரத்தில் பெருகி மாசியில் மச்சானுக்காகத் தயாராக இருந்திருக்கின்றன. பங்குனி வெயிலில் நத்தத்து முற்றத்தில் மனிதனே புழுவாகத் துடிப்பான். உலகத்திலேயே விலை குறைந்த தெள்ளு மருந்து எங்கள் கூரைக்கு மேலே இலவசமாக எரிந்துகொண்டிருந்தது. நான் அதற்கு ஜன்னல்கூட வைக்காமல் அறை கட்டியிருந்தேன்.

பாய், போர்வை, மேனேஜரின் கிழிந்த தலையணை எல்லாம் வெந்நீருக்குப் போயின. தினமும் மூலைமுடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையை அங்கேயே வைக்காமல் உடனே வெளியேற்றுவது என் பொறுப்பு. கூட்டுப்புழுவை மருந்து அவ்வளவாகத் தொடாது, அது வெளியே வந்தால்தான் சாகும். ஆகவே அறையில் நடமாடிக்கொண்டே இருங்கள், அதிர்வில் வெளியே வரட்டும் என்று யோசனை. மச்சானை மறுபடியும் கூப்பிட முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளும் அவள் தோழிகளும் அந்த அறையில் ஸ்கிப்பிங் ஆடினார்கள். நான் சாக்ஸ் போட்டு அதன்மேல் ரப்பர் பேண்ட் போட்டு மேற்பார்வை பார்த்தேன்.

ராத்திரியில் தாம்பாளத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, அதற்கு மேலே ஒரு சின்ன பல்பு. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் குதித்து வருகிற தெள்ளு விழுந்து மூழ்கும். சோப்பு இல்லாத தண்ணீர் என்றால் மேலேயே நின்றுவிடும். செலவு ஒரு காஜா பட்டன் விலைகூட வராது. காலையில் எழுந்ததும் தாம்பாளத்தில் எண்ணுவது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. முதலில் எண்ணினேன், பிறகு நோட்டில் எழுதினேன், பிறகு போன வாரத்தோடு ஒப்பிட்டுக் கோடு வரைந்தேன். "சட்டை ஆர்டர் நோட்டு எங்க?" என்று மனைவி தேடியபோது அதுவும் இதுவும் ஒரே நோட்டு என்று தெரிந்தது.

அம்மாவின் மரப் பேன்சீப்பையும் எடுத்தேன். இந்தச் சீப்புக்குப் பக்கவிளைவு கிடையாது, காலாவதி தேதி கிடையாது, குட்டிப்பூனைக்கும் சினைப்பூனைக்கும்கூட ஆகும். பக்கத்தில் ஒரு டம்ளர் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, மடியில் மேனேஜரைக் கிடத்தி, சீவிச் சீவி டம்ளரில் தட்ட வேண்டும். இந்தக் கோலத்தில்தான் திண்டுக்கல்லிலிருந்து மொத்த வியாபாரி உள்ளே வந்தார். புது ஆர்டர் பேச வந்தவர். என் மடியையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரக்கு எப்பண்ணே கிடைக்கும்?" என்று கேட்டார். நான் கவனம் கலையாமல் "இன்னிக்கு ஏழு" என்றேன்.

தெள்ளு எண்ணுவது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்களுக்காகச் சில தகவல்களைத் திரட்டி வைத்திருக்கிறேன். நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே பிளேக் பரவிய காலத்தில் எலிகளையும் அவற்றின் தெள்ளுகளையும் ஆராய்ந்து 1934இல் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். எலித்தெள்ளுதான் பிளேக்கைக் கடத்துகிறது என்பதை அதற்கு முன்பே 1898இல் கராச்சியில் சைமண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் காட்டியிருந்தார். கோவையில் பிளேக் மாரியம்மன் என்றே அம்மனுக்குக் கோயில் உண்டு. பிளேக் பரப்பும் முக்கியமான எலித்தெள்ளுக்கு 1903இல் பெயர் வைத்தவர் சார்லஸ் ராத்ஸ்சைல்ட். லண்டனின் பெரிய வங்கிக் குடும்பத்துப் பிள்ளை. உலகம் முழுவதிலிருந்தும் தெள்ளு சேகரித்தவர், காசு கொடுத்துக்கூட. என் வீட்டுச் சரக்கை அவர் காலத்தில் அவருக்கே அனுப்பியிருந்தால் மச்சானுக்கு மொய் வைத்த கடனே தீர்ந்திருக்கும். பிரான்சில் மூன்று பேர், நாய்த்தெள்ளு பூனைத்தெள்ளைவிட உயரமாகக் குதிக்கிறது என்று அளந்து பார்த்து நிரூபித்தார்கள். 2008இல் அவர்களுக்கு இக்நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற பரிசு அது. இதை வீட்டில் படித்துக் காட்டினேன். முதல் பாதி மட்டும் நடந்தது.

மூலிகைக் கட்சிக்காரர்களையும் விட்டுவிட முடியாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாடுகளின் உண்ணிக்கு ஒரு மரபு மருந்தைச் சொல்லித்தருகிறது. பூண்டு பத்துப் பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம், வசம்பு பத்து கிராம், மஞ்சள்தூள் இருபது கிராம், துளசி, உண்ணிச்செடி இலை. அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி மாட்டின் மேல் தெளிக்க வேண்டும். செலவென்று பார்த்தால் பூண்டு, வசம்பு, மஞ்சள்தூள் மட்டும்தான். உண்ணிச்செடிக்கு நம் மலையடிவாரங்களில் பஞ்சமே இல்லை. இதைக் கேள்விப்பட்டதும் என் கை பரபரத்தது. ஆனால் மாடு தன் முதுகை நாள் முழுக்க நக்குவதில்லை. பூனைக்கு வேறு வேலையே இல்லை. வயிற்றுக்குள் போன பூண்டு பூனை, நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உண்ணிச்செடி இலையைத் தின்றாலும் கெடுதல்தான். மருந்தைக் கரைத்துப் பெரியப்பா வீட்டுப் பசுவுக்குக் கொடுத்தேன். அவர் பதிலுக்குத் தூக்குச்சட்டியில் பால் அனுப்பினார். மேனேஜருக்கு லாபம்.

வெயில் ஏற ஏறத் தாம்பாளத்தின் எண்ணிக்கை குறைந்தது. மாதாமாதம் சொட்டு மருந்து தொடர்ந்தது. நோட்டில் பூஜ்யம் எழுதிய அன்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இறுதிக் காஸ்டிங் இதுதான்: சொட்டு மருந்து, பூச்சி மாத்திரை, பல்பு, சோப்பு எல்லாம் சேர்ந்து ஒரு டஜன் சட்டையின் கூலிக்குள் அடங்கிவிட்டது. மச்சான் குடும்பத்தைச் சமாதானப்படுத்த ஆளுக்கு இரண்டு உருப்படி என்று தைத்துக் கொடுத்தது தனி. அவர் எடுத்துப் போனவை முழுக்கை, டபுள் பாக்கெட். பேன்ட்டும் கேட்டிருக்கிறார், கணுக்காலை மூடும் நீளத்தில்.

இப்போது எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் நாய் சொறிந்தாலும் என்னிடம் வருகிறார்கள். நான் முதலில் ஈரத் துணியில் துகளை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன், அப்புறம் அட்டையில் படத்தைப் பார்க்கச் சொல்கிறேன், அப்புறம் எடை பார்த்துவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்குப் போகச் சொல்கிறேன். நத்தத்தில் எடைக்குப் பஞ்சமா என்று அந்தக் கிட்டங்கிக்கு வழியும் காட்டுகிறேன். போன வாரம் அங்கே தராசுக்குப் பக்கத்தில் அட்டை தொங்கியது: "நாய், பூனை எடை போடப்படாது." அதன் கீழே, கணக்குப்பிள்ளையின் கையெழுத்தில், கொஞ்சம் சிறியதாக: "தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கும்."